பாறைக்குக் கட்டிய சன்னதி: இன்கா தலங்களுக்கு ஒரு யாத்திரை

தென் அமெரிக்காவின் பெரு நாட்டை ஸ்பானியர் வரும்வரை ஆண்டவர்கள் இன்காக்கள். அவர்களுடைய கோயிலுக்குள் நுழைந்து கருவறை எங்கே என்று தேடினால் ஏமாந்துதான் போவோம். கோபுரம் கிடையாது. பெரும்பாலான இடங்களில் சிலையும் கிடையாது. ஒரு பாறை, ஒரு ஊற்று, தூரத்தில் ஒரு பனிமலை, அவ்வளவுதான். அவைதான் தெய்வம். இன்காக்களின் கெச்சுவா மொழியில் இப்படிப்பட்ட புனிதப் பொருளுக்கும் இடத்துக்கும் 'வாக்கா' என்று பெயர். மலைத்தெய்வம் 'அப்பு'. சூரியன் 'இன்டி'. பூமித்தாய் 'பச்சமாமா', சந்திரன் 'மாமா கில்யா'. மாமா என்றால் அந்த மொழியில் அம்மா, குழம்ப வேண்டாம்.

இந்தத் தலங்களுக்குப் போகிறவர்கள் கண்ணுக்கு ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தால் போதும். இயற்கைப் பாறை எங்கே முடிகிறது, அடுக்கிய கல் எங்கே தொடங்குகிறது என்று ஒவ்வொரு இடத்திலும் பாருங்கள். சன்னதி அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

முதலில் உடம்பு. இன்காக்களின் தலைநகராக இருந்த குஸ்கோ நகரம் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் பெருவின் தலைநகர் லிமாவிலிருந்து கடல்மட்டத்தை விட்டுக் கிளம்பி ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இறங்குகிறோம். அன்றே படியேறிச் சுற்றினால் இரவில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரிசையாக வரும். இன்கா கணக்கில் யாத்திரை குஸ்கோவின் கொரிகாஞ்சா கோயிலிலிருந்துதான் தொடங்க வேண்டும். நமக்கு அது சரிவராது. விமான நிலையத்திலிருந்து நேராக வண்டி பிடித்து, 2,800 மீட்டர் உயரத்திலுள்ள ஒல்யாந்தாய்தம்போ ஊருக்கு இறங்கிவிடுங்கள். அங்கே 2 இரவு. பிறகு 2,430 மீட்டரில் மச்சு பிச்சு. கடைசியாகக் குஸ்கோ. தாழ்விலிருந்து உயரத்துக்குப் போகும் இந்த வரிசை உடம்புக்குத் தோது. உயரத்தால் வரும் உபாதைக்கான அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்பதைக் கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். கோகா இலைத் தேநீர் எல்லா விடுதியிலும் கொடுப்பார்கள், குடிக்கலாம். ஆனால் அந்த இலையையோ தேநீர்ப் பையையோ ஊருக்குக் கொண்டுவராதீர்கள். பெருவில் சட்டப்படி சரி, இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் குற்றம்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்கறி சூப், கீன்வா சூப் என்று எழுதியிருந்தாலும் அடியில் பெரும்பாலும் கோழிச்சாறு இருக்கும். கேட்டுக் குடியுங்கள். அவித்த சோளமும் உருளைக்கிழங்கும் எங்கும் கிடைக்கும்.

ஒல்யாந்தாய்தம்போவில் காலை 7 மணிக்குத் திறந்ததும் ஏறிவிட வேண்டும். குஸ்கோவிலிருந்து வரும் சுற்றுலாப் பேருந்துகள் பத்து மணிவாக்கில் வந்து சேர்ந்தால் படிக்கட்டில் நெரிசல். மேலே சூரியன் கோயில் என்று சொல்லப்படும் இடத்தில் இளஞ்சிவப்பு ரையோலைட் (எரிமலைப் பாறை) கற்கள் 6 நிமிர்ந்து நிற்கின்றன, ஒவ்வொன்றும் பல பத்து டன். இரண்டு பெரிய கற்களுக்கு நடுவே ஒரு குறுகிய கல்பட்டை, மறுபடி பெரிய கல், மறுபடி பட்டை. இடமிருந்து நான்காவது கல்லில் படிக்கட்டு வடிவப் புடைப்பு தேய்ந்த நிலையில் இன்னும் தெரிகிறது. காலைச் சாய்வெயிலில் நிழல் விழும்போதுதான் துலங்கும், உச்சிவெயிலில் தேடினால் கிடைக்காது.

இந்தக் கற்கள் வந்தது உருபம்பா ஆற்றுக்கு அக்கரையில், மலைச்சரிவில் உள்ள கச்சிகாத்தா கல்குவாரியிலிருந்து. சரிவில் இறக்கி, ஆற்றைக் கடத்தி, சாய்தளம் போட்டு மேலே இழுத்திருக்கிறார்கள். சக்கரம் இல்லை, இரும்பு இல்லை, கயிறும் ஆள்பலமும்தான். இழுத்த வழியிலேயே நின்றுபோன கற்கள் இன்றும் கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைக் 'களைத்த கற்கள்' என்கிறார்கள். கல்லுக்குக் களைப்பு வரும் என்று சொல்வது உவமைக்காக அல்ல. குஸ்கோவுக்கு மேலே உள்ள சக்சாய்வமான் பக்கம் இப்படிக் களைத்து நின்ற ஒரு கல் இரத்தக் கண்ணீர் விட்டதாகவே பழங்கதை. இன்கா மன்னர் பச்சாகுத்தெக், சாங்கா என்ற பகை இனத்தின் படையோடு போரிட்டபோது வயலில் கிடந்த கற்கள் வீரர்களாக எழுந்து வந்து சண்டை போட்டன என்றும், வென்ற பிறகு அந்தக் கற்களைக் கோயில்களில் வைத்துக் கும்பிட்டார்கள் என்றும் கதை உண்டு. அப்படிப்பட்டவர்கள் கட்டிய சுவர் இது என்ற நினைப்போடு பார்த்தால்தான் வேலையின் பொறுமை புரியும்.

ஒல்யாந்தாய்தம்போவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்தில் மலையடிவார ஊரான ஆகுவாஸ் கலியேந்தஸ். அங்கிருந்து பேருந்து, வளைந்து வளைந்து அரை மணி நேரம். நடந்தும் ஏறலாம், ஒன்றரை மணி நேரமாவது ஆகும். மச்சு பிச்சு சீட்டில்தான் பலர் தவறு செய்கிறார்கள். அது நேரம் குறித்த சீட்டு, பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும், அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். உள்ளே 3 சுற்றுகள் உண்டு. முதல் சுற்று மேலிருந்து பார்ப்பதற்கு. புகைப்படம் அழகாக வரும், கோயில்கள் பக்கத்தில் வராது. இரண்டாவது நடுப்பகுதி வழியாகவும் மூன்றாவது கீழ்ப்பகுதி வழியாகவும் போகும். தரிசனத்துக்கென்று போகிறவர்கள் முதல் சுற்றை எடுத்துவிட்டு உள்ளே போய்ப் புலம்புவது வாடிக்கை. வரைபடத்தைப் பார்த்து எந்தச் சன்னதி எந்தச் சுற்றில் என்று உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள். பாதை ஒருவழி, திரும்பி நடக்க விடமாட்டார்கள். உள்ளே கழிப்பறை இல்லை, வாசலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு.

1450ஐ ஒட்டிய காலத்தில் பச்சாகுத்தெக் எழுப்பியது என்று கருதப்படும் இந்த ஊரில், நின்று பார்க்க வேண்டிய முதல் இடம் சூரியன் கோயில். உள்ளே விடுவதில்லை, மேலிருந்துதான் பார்க்கலாம். அடியில் ஒரு பெரிய கருங்கல் பாறை. அதன் முதுகிலேயே வளைந்த சுவர் எழும்புகிறது. பாறையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப முதல் வரிசைக் கல்லின் அடிப்பக்கம் குடைந்து உட்காரவைக்கப்பட்டிருக்கிறது. ஜூன் 21ஐ ஒட்டிய நாட்களில் உதயசூரியனின் கதிர் கிழக்குச் சன்னல் வழியாக நுழைந்து, நடுப்பாறையில் நேராக வெட்டிய விளிம்போடு ஒத்துப்போகும். அங்கே பூசாரியும் சுவரும் செய்தது அந்த ஒளிக்கு வழிவிட்டதுதான். பாறைக்குக் கீழே ஒரு குகை. அதன் வாயில் படிபோல வெட்டிய கல் பாறையோடு ஒட்டிப் பிறந்ததா, கொண்டுவந்து வைத்ததா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். மன்னர் கல்லறை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அங்கே மன்னர் உடல் எதுவும் கிடைக்கவில்லை.

பக்கத்திலேயே தீர்த்தங்கள் தொடங்குகின்றன. மலைச்சரிவில் உள்ள ஊற்றிலிருந்து 749 மீட்டர் நீளக் கல்வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவருகிறது. அது 16 தொட்டிகளில் ஒன்றிலிருந்து ஒன்றாக விழுந்து இறங்கும். முதல் தொட்டி மன்னர் மனைக்கு அருகில். ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஒரு குறுகிய கல்மூக்கு வழியாகக் கம்பிபோல விழுவதால் குடத்தை நேராக வைத்துப் பிடிக்கலாம். இது ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டும் மலைமுதுகு. அடியில் கல்சல்லியும் மண்ணும் அடுக்கிப் போட்ட வடிகால் இல்லாவிட்டால் ஊர் என்றைக்கோ சரிந்திருக்கும். கட்டுமான உழைப்பில் பாதிக்குமேல் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்கடியில் கிடக்கிறது என்பது ஆய்வாளர்கள் மதிப்பீடு. இவ்வளவு செய்தும் பிசகிய இடம் ஒன்று உண்டு: முதன்மைக் கோயிலின் பின்சுவரில் வலது மூலை. அடிமண் அமுங்கியதில் கற்கள் இறங்கி விலகி நிற்கின்றன. கல்வேலையில் குறையில்லை, மண் ஏமாற்றிவிட்டது.

உச்சியில் இன்டிவதானா. பேருக்கு 'சூரியனைக் கட்டும் இடம்' என்று பொருள் சொல்வார்கள். பாறையிலிருந்து பிரிக்காமல் அப்படியே செதுக்கி எழுப்பிய தூண் அது. கையை நீட்டினால் சக்தி ஏறும் என்பது சுற்றுலாக் கதை. கயிறு கட்டியிருக்கிறது, தொட முடியாது, தொடவும் கூடாது. 2000ஆம் ஆண்டில் ஒரு விளம்பரப் படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து அதன் முனை உடைந்தது. 500 ஆண்டுகளுக்கு மேல் இடியும் மழையும் விட்டுவைத்த முனை.

பூ வைப்பது, கற்பூரம் ஏற்றுவது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் இங்கே கூடாது. காவலர் விசில் அடித்து வெளியேற்றுவார். கும்பிட வேண்டுமானால் மனசுக்குள். அந்நாட்டு முறைப்படி படையல் போட விரும்பினால் வளாகத்துக்கு வெளியே, உள்ளூர்ப் பூசகர் வழியாகச் செய்யுங்கள். எளிய வடிவம் 'கின்டு': கிழியாத கோகா இலைகள் 3, விசிறிபோல விரல்நுனியில் பிடித்து, வாயருகே கொண்டுபோய், மலையின் பேரைச் சொல்லி மெல்ல ஊதுவது. இலை முழுசாக இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பு உண்டு. சோளத்தில் காய்ச்சும் 'சிச்சா' குடிப்பவர்கள் முதல் மடக்கைத் தரையில் சிந்திவிட்டே வாயில் வைப்பார்கள். பச்சமாமாவின் பங்கு அது.

குஸ்கோவுக்குத் திரும்பிய பின் ஒரு முழு நாள் வேண்டும். நகரத்துக்கு மேலே உள்ள தலங்களைக் கீழிருந்து ஏறிப் பார்க்காதீர்கள். வண்டியில் தம்போமச்சாய்வரை போய்விட்டு இறக்கத்தில் நடந்து வாருங்கள், ஏறக்குறைய 8 கிலோமீட்டர். 10 நாள் செல்லும் பொதுச் சுற்றுலாச் சீட்டு இந்தத் தலங்களுக்கும் ஒல்யாந்தாய்தம்போவுக்கும் ஒன்றேதான்.

தம்போமச்சாய் தண்ணீர்க் கோயில். மலையடி ஊற்று கல்தளங்களின் வழியே இறங்கி, கீழே இரட்டை அருவியாக விழுகிறது. மழையில்லாத மாதங்களிலும் நிற்பதில்லை. மேல்தளத்தில் மாடங்கள், அடி அகன்று மேல் குறுகிய சரிவகம். இன்கா வாசல், சன்னல், மாடம் எல்லாமே இந்த வடிவம்தான். நிலநடுக்கத்தில் செவ்வகத்தைவிட நன்றாகத் தாங்கும்.

கெங்கோவில் நிற்கும் பெரிய பாறையைப் பார்த்துவிட்டால் இந்த யாத்திரையின் பொருள் கிடைத்துவிடும். செதுக்காத, இயற்கையாக நிமிர்ந்த பாறை, 6 மீட்டர் உயரம் இருக்கும். அதன் அடியைச் சுற்றி நேர்த்தியான கல்பீடம் கட்டியிருக்கிறார்கள், எதிரே அரைவட்டமாக மாடங்கள். எல்லா வேலைப்பாடும் பீடத்துக்கும் சுவருக்கும்தான். மூலவரில் உளி படவில்லை. பக்கத்துக் குன்றின் உச்சியில் சிச்சா ஓடுவதற்கு வளைந்து நெளிந்து வெட்டிய வாய்க்கால் இருக்கிறது. அடியில் குகை, உள்ளே பலிபீடம் போன்ற மேடை, நடுப்பகலிலும் சில்லென்று இருக்கும்.

சக்சாய்வமான் 3 அடுக்கு வளைவுநெளிவுச் சுவர். மிகப்பெரிய கல் நூறு டன்னுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். மேலிருந்த கோபுரங்களை ஸ்பானியர்கள் பிரித்துக் கொண்டுபோய் நகரத்து வீடுகளும் தேவாலயங்களும் கட்டினார்கள். தூக்க முடியாத கற்கள்தான் மிச்சம். சுவர் அருகே போய் ஒரு கல்லின் முகத்தைப் பாருங்கள். நடுவில் பெரிய குழிப்புள்ளிகள், ஓரத்தில் நுண்ணியவை. பெரிய உருண்டைக்கல்லால் தட்டி முகத்தைச் சமன்செய்து, சிறிய கல்லால் விளிம்பைத் தட்டிய தடம் அது. இணைப்பின் ஓரங்கள் உள்வாங்கி இருப்பதால் ஒவ்வொரு கல்லும் தலையணைபோல உப்பித் தெரியும். சுண்ணாம்போ சாந்தோ இல்லை.

நகரத்துக்குள் இறங்கினால் கொரிகாஞ்சா, 'பொன் மதில்'. பொதுச் சீட்டு இங்கே செல்லாது. சாலையோரத் தோட்டத்துக்கடியில் உள்ள அருங்காட்சியகத்துக்கு மட்டும் அது செல்லும். அதைப் பார்த்துவிட்டுக் கோயிலைப் பார்த்ததாக நினைத்துத் திரும்பியவர்கள் ஏராளம். கோயிலுக்கு வாசலும் சீட்டும் தனி. இங்கிருந்து 41 கோடுகள் நாற்புறமும் போவதாகவும் அவற்றின் மேல் 300க்கும் மேற்பட்ட வாக்காக்கள் இருப்பதாகவும் 1653இல் பெர்னாபே கோபோ என்ற பாதிரியார் பட்டியலிட்டார். 1533இல், ஸ்பானியர் சிறைபிடித்த இன்கா மன்னர் அத்தாவல்பாவின் மீட்புப்பொருளுக்காகச் சுவரிலிருந்து நெம்பி எடுத்த தங்கத் தகடுகள் மட்டும் சுமார் 700. இங்கே விக்கிரகமும் உண்டு: 'புஞ்சாவ்', தங்கத்தாலான சிறுவன் வடிவச் சூரியன். இறந்த மன்னர்களின் இதயப் பொடி அதற்குள் வைக்கப்பட்டிருந்தது. பகலில் வெளியே எழுந்தருளச் செய்து, இரவில் உள்ளே கொண்டுபோவார்கள். ஸ்பானியர் வந்த பிறகு இன்காக்கள் அதை வில்கபம்பா காட்டுக்குக் கொண்டுபோய்க் காத்துவந்தார்கள். 1572இல் ஸ்பானியர் கையில் சிக்கியது, பிறகு காணோம்.

ஸ்பானியர்கள் மேலே சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1950 மே 21 நிலநடுக்கத்தில் மடத்தின் பெரும்பகுதி இடிந்தது. உள்ளே மூடிக்கிடந்த இன்கா சுவர்கள் அப்படியே நின்று வெளிப்பட்டன. சற்றே உள்நோக்கிச் சாய்ந்த சுவர், இறுக்கமாகக் கோத்த கல், சாந்து இல்லாததால் அதிர்வில் அசைந்து மறுபடி தன் இடத்தில் உட்காரும். உள்ளே சுவரில் கை வைக்காமல், ஒரு மாடத்துக்குப் பக்கவாட்டில் நின்று வரிசைகளைப் பாருங்கள்: மேலே போகப்போகக் கல்லின் உயரம் குறைந்துகொண்டே வரும்.

ஞாயிறு காலை திருப்பலி நடக்கும், அன்று போகிறவர்கள் மதியத்துக்கு மேல் வாருங்கள். ஜூன் 24 இன்டி ராய்மி விழா. 1572இல் தடைசெய்யப்பட்டு 1944இல் நாடகமாக மீண்டது, வசனமெல்லாம் கெச்சுவா. காலையில் கொரிகாஞ்சா தோட்டத்தில் தொடங்கி, நகரச் சதுக்கம் போய், மதியம் சக்சாய்வமானில் முடியும். சக்சாய்வமானில் இருக்கைக்குக் கட்டணம். கொரிகாஞ்சாவில் சாலையோரம் நின்று பார்க்கக் கட்டணமில்லை, காலை 7 மணிக்கே போய் இடம் பிடித்தால் போதும்.