பார்கின்சன் ஆய்வு மானியம்: முதலில் வெட்டுப்படும் செலவு வரிகள்

பார்கின்சன் ஆய்வுக்கு மானியம் கேட்டு வரும் விண்ணப்பத்தில், பழகிய மதிப்பீட்டாளர் கருதுகோளைப் படித்த கையோடு பட்ஜெட் பக்கத்துக்குப் போய்விடுவார். அங்கே அவர் தேடுவது சில்லறைச் செலவு வரிகளை. தண்டுவட நீரை எந்தக் குழாயில் பிடிக்கிறார்கள், எத்தனை நிமிடத்தில் உறைய வைக்கிறார்கள், கரண்டு போனால் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்கு ஜெனரேட்டர் உண்டா?

எந்தக் குழாயானால் என்ன என்று தோன்றும். அளக்க வேண்டியது, இந்த நோயில் பிறழ்ந்து திரளும் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம்; அது கண்ணாடியிலும் பாலிஸ்டைரினிலும் ஒட்டிக்கொள்ளும், ஆகவே பாலிப்ரொப்பிலீன்தான். ரத்தம் கலந்தால் கதை இன்னும் மோசம். ரத்தத்தில் உள்ள இந்தப் புரதத்தில் 99 சதவீதத்துக்கு மேல் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. ஊசி குத்தும்போது சில சொட்டு கலந்தாலே அளவு எகிறிவிடும். முதலில் வரும் ஒன்றிரண்டு மில்லியை ஒதுக்கிவிட்டு, மீதியை உடனே மையவிலக்கியில் சுற்றி, சிறு சிறு குழாய்களாகப் பிரித்து உறைய வைக்க வேண்டும். ஒரே குழாயில் வைத்தால், சோதனைக்குச் சோதனை உருக்கி உறைய வைத்தே மாதிரி கெட்டுப்போகும். பிரிக்க ஆள் வேண்டுமே! அந்த ஆளின் சம்பளம்தான் முதலில் வெட்டுப்படுகிறது.

மருந்துச் சோதனைகளைப் பார்த்தால் இந்தக் கெடுபிடி ஏன் என்று புரியும். நோயின் வேகத்தைக் குறைக்குமா என்று பார்க்க, ரத்த அழுத்த மருந்தான இஸ்ராடிபைனை 336 பேருக்கு 36 மாதம் கொடுத்தார்கள், பலனில்லை. நீரிழிவு மருந்தான எக்ஸெனடைடு 2017-ல் 62 பேரிடம் நம்பிக்கை தந்தது. 2025-ல் வெளியான முடிவில், 194 பேரிடம் 96 வாரம் கொடுத்துப் பார்த்தும் ஒன்றுமில்லை. இத்தகைய சோதனைகளில் நோயின் போக்கைக் காட்டும் முக்கிய அளவுகோல் இன்றும் விரலைத் தட்டச் சொல்லி, நடக்கச் சொல்லி, மருத்துவர் 0 முதல் 4 வரை போடும் மதிப்பெண்தான். மருந்தின் தாக்கம் இல்லாமல் அளப்பதற்கு, நோயாளிகள் வழக்கமாகச் சாப்பிடும் பார்கின்சன் மருந்தான லீவோடோப்பாவை 12 மணி நேரம் நிறுத்தி வரச் சொல்வார்கள். பழக்கத்தில் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தால் அன்றைய வருகை வீண். போடாமல் வந்தாலோ உடம்பு இறுகிக் கிடக்கும்; தனியாகப் பேருந்து ஏற முடியாது. வண்டி வாடகையும் துணையாள் செலவும் ஒதுக்காத ஆய்வில் ஆட்கள் பாதியில் கழன்றுகொள்வதில் வியப்பென்ன?

நோயை ஆய்வகத்தில் அளந்து சொல்லும் அளவுகோல் இல்லாத இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் அமெரிக்காவில் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளை 2010-ல் பிபிஎம்ஐ என்ற நீண்டகால ஆய்வைத் தொடங்கியது. அதில் சோதனை மருந்து கிடையாது. ஆண்டுக்கணக்கில் அளப்பது, சேமிப்பது, பிற ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுவது, அவ்வளவே. நன்கொடையாளரிடம் இதை விற்பது கடினம். ஆனால் 1,123 பேரின் மாதிரிகளிலிருந்து 2023-ல் வந்த முடிவு அந்தப் பொறுமைக்குக் கிடைத்த கூலி. தண்டுவட நீருடன் ஆய்வகத்தில் செய்த அதே ஆல்ஃபா சைனூக்ளினைச் சேர்த்துக் குலுக்குவார்கள். நோயாளியின் நீரில் பிறழ்ந்த புரதம் விதைபோல் இருந்தால், சேர்த்த புரதமும் மளமளவெனத் திரண்டு, சாயம் ஒளிரும். நோயாளிகளில் 87.7 சதவீதம் பேரிடம் ஒளிர்ந்தது. அவர்களில் மரபணு மாற்றம் இல்லாமல், முகரும் திறன் குன்றியவர்களிடம் 98.6. நோய்க்குக் காரணமாகும் எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணு மாற்றம் இருந்து மூக்கும் நன்றாக இருந்தவர்களிடம் 34.7 மட்டுமே. இன்னொரு குறை, சோதனை ‘உண்டு, இல்லை’ என்றுதான் சொல்லும். நோய் எவ்வளவு முற்றியது என்று சொல்லாது.

முகரும் திறன் குன்றுவது நோயின் முன்னறிகுறி என்பதால், ஆய்வுக்கு ஆள் பிடிக்கவும் மூக்குதான் உதவியது. 40 வாசனைகளைச் சுரண்டி முகரும் புத்தகத்தைத் தபாலில் அனுப்பினால், யாரை ஊசிக்குக் கூப்பிடலாம் என்று மலிவாக வடிகட்டலாம். அந்தப் புத்தகத்தில் பூசணிப் பை என்ற அமெரிக்கத் தின்பண்டமும் ரூட் பீர் என்ற பானமும் இருக்கின்றன. மதுரைக்காரர் அதில் தவறினால் பழுது மூக்கிலா, பழக்கத்திலா? இங்கே செய்வதானால் பெருங்காயம், மல்லிகை போன்றவற்றை வைத்து, நோயில்லாதவர்களிடம் வயதுவாரியாகச் சோதித்து இயல்பு அளவை முதலில் வகுக்க வேண்டும். விண்ணப்பத்தில் அதைத் தனி வரியாக எழுதுங்கள். ‘இதரச் செலவு’ என்று போட்டால் போயிற்று.