பச்சைப்பயறும் கூழாங்கல்லும்: ஒரு வார நாட்குறிப்பு

2025 ஜூலை 7

உயிருள்ளது அசையும், வளரும், சுவாசிக்கும், பெருகும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட ஒப்பிக்கும். ஒரு பிடி காய்ந்த பச்சைப்பயறைக் கையில் கொடுத்து "இதற்கு உயிர் உண்டா?" என்றால்தான் திணறல். இந்த நாலில் ஒன்றையும் அது செய்வதில்லையே.

இரவு வேலை இரண்டு. பயறு 40 கிராம் தண்ணீரில் ஊறட்டும், எட்டு மணி நேரம். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டி எடுத்து அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் குலுக்கி, மூடி, அசைக்காமல் வைக்க வேண்டும். வெந்நீர் ஊற்றக் கூடாது: சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு கரைவது குறையும். லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிராம்தான் கரையும் என்பதால் அடியில் மண்டி நிற்பது இயல்பு. மேலே தெளிந்திருப்பது மட்டும் போதும்.

ஜூலை 8

ஊறிய பயறு உப்பி, எடை ஏறக்குறைய இருமடங்கு. இதை "வளர்ச்சி" என்று எழுதுவதுதான் முதல் தவறு. செத்த விதையும் இப்படித்தான் உப்பும். மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி நிலையில் இறுகுவதும் இதே சங்கதிதான்.

வாயகன்ற ஒரு லிட்டர் புட்டி நான்கு. ஒன்றில் காய்ந்த பயறு 20 கிராம். அடுத்ததில் ஊறியதில் பாதி, நீரை நன்றாக வடித்து. மூன்றாவதில் மறுபாதி, பத்து நிமிடம் வேகவைத்து ஆறவிட்டது. நான்காவதில் கழுவிய கூழாங்கல். எல்லாம் மல் துணியில் முடிச்சாகி நூலில் தொங்கின. அடியில் 20 மில்லி சுண்ணாம்பு நீர். மூடி விளிம்பில் வாஸ்லின்.

காலை ஏழுக்கு மூடியது. பகல் ஒரு மணிக்கு ஊறிய பயற்றின் புட்டியில் மட்டும் மோர்த்தண்ணீர் நிறம். மற்ற மூன்றும் தெளிவு. பயறு விட்ட கரியமிலவாயு சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத கால்சியம் கார்பனேட்டாகிவிட்டது.

ஜூலை 9

ஊறிய பயற்றில் வெள்ளை முளைவேர், மூன்று மில்லிமீட்டர். மூடியைத் திறந்ததும் லேசான சாராய நெடி. அடைத்த புட்டியில் ஆக்சிஜன் தீரத் தீர விதை நொதித்தலுக்கு மாறிவிடும். பயறை 20 கிராமுக்கு மேல் போட்டால் இது இன்னும் சீக்கிரம் வரும். நாளுக்கு ஒருமுறை திறந்து காற்றோட்டம் கொடுத்தால் போதும்.

ஜூலை 10

வெந்த பயற்றின் புட்டியும் பால்போல் கலங்கிவிட்டது! செத்தது மூச்சு விடுகிறதா? முடிச்சைத் தொட்டால் பிசுபிசுப்பு, முகர்ந்தால் ஊசிப்போன வாடை. மூச்சு விட்டது பயறில் குடியேறிய பாக்டீரியா. இந்தச் சோதனை பள்ளிகளில் பாழாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வீட்டு பிளீச்சை ஒன்றுக்கு ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்து, இரண்டு வகைப் பயறையும் பத்து நிமிடம் முக்கி, கொதித்து ஆறிய நீரில் அலசித் தொடங்க வேண்டும். முதல் 24 மணி நேரத்துக்குள் பார்த்ததை மட்டுமே கணக்கில் எடுக்கலாம்.

ஜூலை 11

கூழாங்கல் புட்டியில் மெழுகுவத்தித் துண்டை ஏற்றி மூடினால் அந்தச் சுண்ணாம்பு நீரும் கலங்கும். சுடர் ஆக்சிஜனைத் தின்கிறது, பரவுகிறது, ஒன்று நூறாகிறது. ஆனால் தன்னைக் கட்டும் குறிப்பைத் தனக்குள் வைத்திருப்பதில்லை, பழுதானால் சரிசெய்துகொள்வதும் இல்லை. படிகாரப் படிகமும் வளரும்தான், ஆனால் வெளியிலிருந்து ஒட்டி ஒட்டி.

ஜூலை 13

காய்ந்த பயற்றின் புட்டி இன்னும் தெளிவு. அதிலிருந்து நூறை எண்ணி 9ஆம் தேதி ஈரத்துணியில் சுருட்டியதில் 91 முளைத்தன, 4 அழுகின. மிச்சம் ஐந்தும் கல்லாகவே கிடந்தன. ஊறவைத்த பயறில் பல்லை உடைக்கும் அந்த வகைதான், தோல் நீரை உள்ளே விடாது. உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்தால் ஊறி முளைக்கும். அதனால்தான் அரசுச் சான்று பெற்ற விதையில் பச்சைப்பயறுக்குக் குறைந்தபட்ச முளைப்பு 75 சதவீதம் என்னும்போது இந்தக் கடின விதைகளையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். இஸ்ரேலின் மசாடாவில் கிடைத்த ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழைய பேரீச்சங்கொட்டை 2005இல் முளைத்தது. அறிகுறி தெரியாததை உயிரில்லாதது என்று தள்ள அவசரம் வேண்டாம்.

ஜூலை 14

முளைக்கும்வரை காத்திருக்காமல் பார்க்க விதைப் பரிசோதனை நிலையங்களில் டெட்ரசோலியம் சோதனை: நிறமற்ற இந்த உப்புக் கரைசல், சுவாசிக்கும் உயிருள்ள திசுவில் பட்டால் சிவப்பாகும். ஜெர்மனியில் கியோர்க் லாக்கன் 1940களில் வகுத்த முறை. இரவு ஊறிய பயறை நெடுக்காகப் பிளந்து, ஒரு சதவீதக் கரைசலில், இருட்டில், 30 டிகிரி வெப்பத்தில் மூன்று நான்கு மணி நேரம். வெளிச்சம் பட்டால் கரைசல் தானே சிவந்து ஏமாற்றும்.

வடித்து, கழுவி, கைலென்சில் பார்த்தால்: உயிருள்ள பயற்றில் முளைவேர் நுனியும் இலைக்குருத்தும் மாதுளை முத்துபோலச் சிவப்பு. வெந்ததில் வெறும் வெள்ளை. ஒரு பயற்றில் பருப்பு முழுக்கச் சிவந்து, வேர் நுனி மட்டும் வெளுத்திருந்தது. அது முளைக்காது, செத்தவற்றின் கணக்கில்தான் எழுத வேண்டும்.