எக்ஸ் அல்ல, கி

பாளையங்கோட்டையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு டிசம்பரில் தூக்கம் கிடையாது. போன வருஷம் ஒரு சபைக்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸுக்கு பத்துக்கு எட்டில் பேனர். ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்று ஆங்கிலத்தில் முழுசாகப் போட்டால் ஸ்பான்சர்களின் போட்டோவுக்கு இடம் பத்தவில்லை. ‘எக்ஸ்மஸ்’ என்று சுருக்கினேன். புரூஃப் பார்க்க வந்த பெரியவர் கொதித்துவிட்டார். “ஆண்டவர் பேரையே வெட்டிட்டு, கணக்கு நோட்டுல தப்புக்குப் போடுத மாதிரி இது என்னடே எக்ஸு?”

மாற்றிக் கொடுத்தேன், சரி. ஆனால் அந்தக் கேள்வி மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அப்புறம் தேடிப் படித்ததில் தெரிந்தது, அது ஆங்கில எக்ஸே இல்லை. கிரேக்க எழுத்து. பார்க்கப் பெருக்கல் குறி போல இருக்கும், பெயர் ‘கி’. கிரேக்கத்தில் ‘கிறிஸ்தோஸ்’ என்று எழுதினால் முதல் எழுத்து அதுதான். நாம் கி.மு., கி.பி. என்று எழுதுகிறோமே, அந்தக் ‘கி’யும் கிறிஸ்துதான். அதைப் பார்த்து யாரும் பெயரை வெட்டிவிட்டான் என்று சண்டைக்கு வந்ததில்லை.

இன்னொன்று. பழைய கிரேக்க வேதாகமப் பிரதிகளில் கடவுள், கர்த்தர், இயேசு, கிறிஸ்து போன்ற சில பெயர்களை மட்டும் சுருக்கி, தலைக்கு மேல் ஒரு கோடு போடுவார்கள். நான்காம் நூற்றாண்டின் சினாய் பிரதியிலும் அப்படித்தான். சுருக்கியது எழுதுகிற தோலை மிச்சம் பிடிக்க என்றால் நீளமான வேறு சொற்களை அல்லவா முதலில் வெட்டியிருக்க வேண்டும்? அது மரியாதைக்காகச் செய்தது என்றே எனக்குப் படுகிறது.

அயர்லாந்தில், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ‘கெல்ஸ் நூல்’ என்று கையால் எழுதிப் படம் போட்ட நற்செய்திப் புத்தகம் இருக்கிறது, கி.பி. 800 வாக்கில் எழுதியது. மத்தேயுவில் இயேசு பிறந்த கதை தொடங்கும் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு ஒரு ‘கி’. ஒரு கால் மட்டும் வாள் மாதிரி நீண்டு இறங்குகிறது. உள்ளே சுருள் சுருளாக வட்டங்கள். அடியில் இரண்டு எலிகள் ஒரு அப்பத்தைக் கவ்வி இழுக்க, பூனைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மவுஸும் சாஃப்ட்வேரும் வைத்துக்கொண்டு நான் பேனர் அடிக்கிறேன், வெட்கமாக இருந்தது.

ஆங்கிலேயர்கள் பிற்பாடுதான் வருகிறார்கள். கவிஞர்கள் கோல்ரிட்ஜ் ஒரு கடிதத்திலும் பைரன் 1811லும் ‘எக்ஸ்மஸ்’ என்றே எழுதியிருக்கிறார்கள். கடைக்காரன் விளம்பரத்துக்குக் கண்டுபிடித்ததில்லை. ‘மஸ்’ என்பது பூசை, கத்தோலிக்கர் கோவிலில் நடக்கிற வழிபாடு. பூசை என்ற சொல்லே புழங்காத சபைக்காரர் அதை விட்டுவிட்டு எக்ஸைப் பிடித்தார் பாருங்கள்.

அந்த ஃபைல் இன்னும் சிஸ்டத்தில் கிடக்கிறது. நேற்று திறந்தேன். மேல் மூலையில் சபையின் சின்னம்: ஒரு எக்ஸ், அதன் நடுவே நெட்டுக்குத்தாக ஒரு பி. பி இல்லை, அது கிரேக்க ‘ரோ’, நம் ர். கிறிஸ்தோஸின் முதல் இரண்டு எழுத்து. எழுத்தை மாற்றச் சொன்ன அதே மூச்சில், “சின்னத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசாக்கு தம்பி” என்று பெரியவர் சொன்னதும் ஞாபகம் வந்தது. ஆக்கித்தான் கொடுத்திருக்கிறேன், ஒன்றரை அடிக்கு.