பூட்டிக் கிடந்த குழாய்

ஷவரைத் திறந்ததும் முதலில் வந்தது காற்று. அப்புறம் இரண்டு மூன்று கனைப்பு, துருவும் கொழகொழப்புமாகப் பழுப்புத் தண்ணீர்.

முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காக, செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டைத் திறந்திருக்கிறோம். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு.

"ஆச்சி, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார் பிளம்பர்.

"ரெண்டு நிமிஷம் ஓடுனா தெளிஞ்சிரும்ப்பா. இதைக் குடிக்கவா போறோம்?"

குடிப்பதைவிட மூச்சில் போவதுதான் இங்கே சிக்கல்.

லெஜியோனெல்லா என்றொரு பாக்டீரியா. தண்ணீர் தேங்கிய குழாயின் உள்சுவரில் படியும் வழவழப்பில் குடியிருக்கும். 25 முதல் 45 டிகிரி வெப்பம் அதற்குச் சுகம். சித்திரையில் நம் மாடித் தொட்டி அதைத்தானே தருகிறது? ஷவர் தூவும் நுண்துளிகளோடு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. வயதானவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

1976இல் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் ராணுவத்தினரில் 29 பேர் இதில் இறந்தார்கள். இன்ன கிருமி என்று பிடிபட அடுத்த ஜனவரி ஆகிவிட்டது.

கிணற்றடியில் அண்டா நிறைய இறைத்துவைத்து, செம்பால் மொண்டு குளித்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. தூவல் ஏது அங்கே!

சரி, தொட்டியைக் கழுவியாயிற்று. ஷவர் தலையைக் கழற்றித் தேய்த்தாயிற்று. ஜன்னலைத் திறந்துவைத்து, கீசரை 60 டிகிரிக்கு ஏற்றி, ஆளில்லாத அறையில் ஓடவிட்டிருக்கிறோம். தண்ணீர் வீணாகிறதே என்று ஆச்சிக்குக் கோபம்.

ஹோட்டலாக மாறிய வீடுகள் நம் பக்கம் எத்தனையோ. சீசன் இல்லாதபோது, பூட்டிய அறைகளின் குழாயை வாரம் ஒருமுறையாவது திறந்துவிடுகிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.