ஷாப்லி நாட்குறிப்பு: உறைபனிக் காலம்

மார்ச் 16

ஷாப்லியில் திராட்சைக் கவாத்து முடியும் தறுவாய். பிரான்சின் யோன் மாவட்டத்தில், செரேன் ஆற்றங்கரையில், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். விளைவது ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் திராட்சை ஒன்றுதான். கொடிக்கு இரண்டு நீளத் தண்டுகளை விட்டு, ஒவ்வொன்றிலும் துளிர் கிளம்பும் நாலைந்து கண் வைத்து, மற்றதைக் கழித்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டுத் தண்டுக்காக இரண்டு கண் கொண்ட சிறு கட்டை தனியாக நிற்கும்.

வெட்டுவாயில் நீர் சொட்டினால் வேர் விழித்துவிட்டது என்று பொருள். பனி தேங்கும் தாழ்வான தோட்டங்களைக் கடைசியில் வெட்டுவதே நல்லது. துளிர்ப்பு சில நாள் தள்ளிப்போகும். ஏப்ரலில் அந்தச் சில நாளே பயிரைக் காக்கும்.

மார்ச் 29, ஞாயிறு

சந்தை நாள். புனித மார்ட்டின் தேவாலயத்தின் பக்கவாட்டுக் கதவைப் பார்க்காமல் போகக் கூடாது. பழைய மரப்பலகை முழுக்கத் துருவேறிய குதிரை லாடங்கள். குதிரை குணமாக வேண்டி வந்த யாத்திரிகர்கள் அடித்தவை என்கிறார்கள். சந்தையில் பேச்செல்லாம் வானிலைதான்.

ஏப்ரல் 7

துளிர் பச்சை காட்டுகிறது. இனி மைனஸ் 2 டிகிரி வந்தாலே கருகும். நனைந்த துளிர் இன்னும் சீக்கிரம் போகும். வரிசைகளுக்கிடையே புல்லை ஒட்ட வெட்டிவிட வேண்டும். உயரமான புல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், மண்ணின் பகல் சூட்டையும் மேலே விடாது. இந்த வாரத்தில் மண்ணைக் கிளறுவதும் தவறு.

உறைபனி இரவில் தோட்டத்தைச் சூடாக்க எரிக்கும் பாரஃபின் மெழுகு வாளிகளை இறக்குகிறார்கள். ஹெக்டேருக்கு 300 முதல் 400 வரை வேண்டும். ஒன்று ஏறக்குறைய 10 யூரோ. எல்லாத் தோட்டத்துக்கும் இது கட்டுப்படியாகாது.

ஏப்ரல் 10

காற்றில்லை, மேகமில்லை. பயப்பட வேண்டிய இரவு இதுதான். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கி ஆற்றோரம் தேங்கும். அதனால் ஒரே சரிவில் மேல் வரிசை தப்பும், கீழ் வரிசை கருகும். வெப்பமானியைத் துளிரின் உயரத்தில், அதுவும் தோட்டத்தின் மிகத் தாழ்வான மூலையில் கட்ட வேண்டும். வீட்டுச் சுவரில் மாட்டியது நம்பத்தக்கதல்ல. வாளிகளைப் பெரும்பாலும் விடியலுக்கு முன் ஏற்றுகிறார்கள், குளிர் உச்சம் தொடும் நேரம் அது. காற்று அடித்தால் சூடு பறந்துவிடும், செலவு வீண்.

நீர் தெளிப்பு இதைவிட உறுதியானது. தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பத்தால், பனிக்கூட்டுக்குள் துளிர் 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆனால் ஹெக்டேருக்கு மணிக்கு 40 கன மீட்டர் அளவுக்குத் தண்ணீர் இறையும். பக்கத்து ஊரான பெய்னில் இதற்கென்றே ஏரி வெட்டியிருக்கிறார்கள். பூஜ்யத்துக்கு வருமுன் தொடங்கி, வெயிலில் பனி உருகும்வரை நிறுத்தவே கூடாது. நடுவில் பம்ப் நின்றால் ஈரம் ஆவியாகி இருக்கிற சூட்டையும் இழுத்துக்கொள்ளும், தெளிக்காமலே விட்டதைவிட மோசம். ஒரு தெளிப்பான் அடைத்தால் அந்த வட்டம் மட்டும் பழுப்பாகும். இரவு முழுக்க டார்ச்சோடு வரிசை வரிசையாகச் சுற்றுவது அதனால்தான். உறைபனி கருக்கிய 2016, 2021 ஏப்ரல்களை இங்கே யாரும் மறக்கவில்லை.

ஏப்ரல் 19

கிராண்ட் க்ரூ குன்று, அதாவது ஷாப்லி ஒயினில் உச்சத் தரத்துக்கான தோட்டங்கள். வலக்கரையில் தென்மேற்கு பார்த்த ஒரே சரிவு, ஏறத்தாழ 100 ஹெக்டேர், லெ குளோ உட்பட ஏழு பகுதிகள். ஒரு சாம்பல் கல்லைப் புரட்டினால் நகத்தளவுச் சிப்பிகள் கால்புள்ளிபோல் வளைந்து ஒட்டிக்கிடக்கின்றன, ஜுராசிக் கடலில் வாழ்ந்தவை. ஊரில் பெரும்பாலும் இயந்திர அறுவடை. செங்குத்தான சரிவுகளில்தான் கைக்கு வேலை.

மே 14

மே 11, 12, 13 ஆகிய பனிப் புனிதர் நாட்கள் கழிந்தன, உறைபனி பயம் அதோடு தீரும் என்பது பழைய நம்பிக்கை. முதன்மைத் துளிர் கருகிய கொடியில் பக்கத் துளிர் கிளம்பும், குலை குறைவாகவே பிடிக்கும். அவசரப்பட்டு அந்தக் கொடியை வெட்டக் கூடாது. எது தழைக்கிறது என்று தெரிந்த பிறகே கத்தரி.

பாதி எரிந்த வாளிகளை மூடிபோட்டு, நிமிர்த்தி, கூரைக்குக் கீழே அடுக்குகிறார்கள். மழைநீர் இறங்கியிருந்தால் அடுத்த முறை பற்றவைக்கையில் பாரஃபின் தெறிக்கும்.