மஞ்சள் எச்சரிக்கை

டிசம்பர் 26
விடியற்காலையிலிருந்து மழை. வங்காள விரிகுடாவில் இன்னொரு தாழமுக்கமாம். சிவனொளிபாதமலைக்குப் போகிறோமா இல்லையா என்று வான்காரர் மறுபடியும் கேட்டார். பெரியம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 27
போகிறோம்.

டிசம்பர் 28
மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை, மஞ்சள். அடுத்தது அம்பர், அதற்கும் மேல் சிவப்பு. சிவப்பு வந்தால் வீட்டை விட்டே எழும்ப வேண்டும், அப்புறம் மலை எங்கே ஏறுவது. சும்மா சும்மா போனைப் பார்க்கிறேன்.

"சீசன் வெசாக் பௌர்ணமி வரைக்கும் இருக்குதானே, பொங்கல் முடிய போவோமே" என்று மாமா வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஒருவரும் பதில் பேசவில்லை.

இரவெல்லாம் மணிப் பேச்சு. எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை உச்சியில் மணி அடிக்க வேண்டும். பெரியம்மாவின் கணக்கை அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. சித்தப்பா கல்யாண வருசம் பாதி வழியில் திரும்பியதைச் சேர்க்கக் கூடாதாம். "நீ அப்ப பிறக்கவேயில்லை" என்கிறார் பெரியம்மா. அம்மா பிறந்திருந்தார்.

டிசம்பர் 29
இன்னும் மஞ்சள்தான். பொலித்தீன் ஷீட், அட்டைக்கு உப்பு. மருந்துப் பையை நான்தான் தூக்குவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 31
நேற்று எழுத உடம்பு இடம் தரவில்லை.

மலையடியில் நல்லதண்ணி ஊரில் இறங்கும்போது இரவு ஒன்பதரை. மழையில்லாத நாளில் அங்கே நின்றே உச்சிவரை விளக்கு வரிசையைப் பார்க்கலாம். எங்களுக்கு ஐந்தாறு விளக்கு, மீதி மூட்டம். பொடியன்கள் முன்னால் ஓடிக் களைத்து உட்கார, பெரியம்மா ஒரே நடையாக அவர்களைக் கடந்து போனார். படிகளில் தண்ணீர் எங்களுக்கு எதிராக இறங்கிக்கொண்டிருந்தது. சீத கங்குல ஓடையில் முகம் கழுவ வேண்டும். தலை முதல் கால்வரை நனைந்தவளுக்கு அது எதற்கு? பெரியம்மா பார்த்த பார்வையில் கழுவினேன்.

இந்திகட்டுபான என்ற இடத்தில் ஊசியில் நூல் கோப்பது யாத்திரை வழக்கம்; கோக்கப் பெரியம்மாவுக்குக் கை நடுங்கியது. குளிரா, மற்றதா? வாங்கிக் கோத்துக் கொடுத்தேன். இறங்கி வந்த சிங்கள ஆச்சிமார் "கருணாவை" என்று வாழ்த்தினார்கள். பெரியம்மா ஒருவர் விடாமல் எல்லோருக்கும் திருப்பிச் சொன்னார். மூச்சை மிச்சம் வையுங்கள் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மகாகிரிதம்ப என்ற செங்குத்து ஏற்றத்தில் கம்பியைப் பிடித்தால் விரல் மரத்துப் போகிறது, விட்டால் காற்று தள்ளுகிறது. மாமா வாயில் வந்த சாமி பெயரெல்லாம் சொன்னார். கடைசிக் கடையில் குடித்த இஞ்சிப் பிளேன்டீக்கு என்ன விலை சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

2243 மீட்டர் உயர உச்சிக்கு ஏறிப்போய் பக்கத்து ஆளின் தொப்பியைத்தான் பார்த்தோம். சூரியனும் இல்லை, மலையின் முக்கோண நிழலும் இல்லை. கொழும்புப் பொடியன்கள் சிலர் வெறும் வெள்ளையைப் படம் எடுத்தார்கள்.

பெரியம்மா மணி அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். அம்மா விரல் மடக்கி எண்ணிக்கொண்டு வந்து, நடுவில் விட்டுவிட்டார். பின்னால் வரிசையில் நின்றவர் "ஐயோ அம்மே" என்றார்.

ஜனவரி 1
முழங்கால் வீங்கியிருக்கிறது, எனக்கு. பெரியம்மா கோழிக்கறி சமைக்கிறார்.

ஜனவரி 2
கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து போன். பொங்கல் வரைக்கும் காத்திருக்க வேண்டாமாம், ஐந்தாம் திகதியே வந்து கட்டில் எடுக்கட்டாம். ஏன் முந்தினார்கள் என்று மாமா கேட்கவில்லை. நான் கேட்டிருப்பேன்.

ஜனவரி 4
எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். நல்ல வெயில். ஸ்கேன் கோப்பைக் காணவில்லை. அலுமாரிக்குள்தான் இருக்க வேண்டும், பெரியம்மா சாவியைத் தரமாட்டேன் என்கிறார்.