நாலா, நாலரையா

"அது வேற" என்று சொன்னேன். ஆய்வகத்தில் என்னிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவன் அவன்; அதற்கு மேல் கேட்கவில்லை. திரையைப் பார்த்துத் திரும்பி, கணக்குப் போடும் ஸ்கிரிப்டில், புரதத்தின் அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்துக்கு 4.0 என்று இருந்த வரம்பை 4.5 ஆக்கி ஓட்டவிட்டான். மூன்று வருடம் ஆகப்போகிறது. கட்டுரை வெளிவந்துவிட்டது, மதிப்பீட்டாளர்கள் அந்த எண்ணைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு பதில் எனக்குள் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்த வரம்பைத்தான் நாங்கள் கட்ஆஃப் என்போம். அவன் கேட்டது இதுதான்: "அக்கா, இந்த 4.2 நம்ம என்சைம்ல வராம அந்த என்சைம்ல வந்திருந்தா, கட்ஆஃபை மாத்தியிருப்போமா?"

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு என்சைம்கள், அதாவது வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதங்கள். இரண்டின் சங்கிலியும் மடிந்திருக்கும் விதம் ஒன்றேதான். ஒன்று சூட்டைத் தாங்கும், மற்றொன்று சீக்கிரமே குலைந்துவிடும். எந்த ரெசிட்யூ (சங்கிலியின் கண்ணியான அமினோ அமிலம்) எதோடு ஒட்டி நிற்பதால் இந்த வித்தியாசம் வருகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. சால்ட் பிரிட்ஜுக்கு, அதாவது எதிரெதிர் மின்னூட்டமுள்ள இரண்டு ரெசிட்யூக்களின் பிடிப்புக்கு, நாங்கள் எடுத்துக்கொண்டது வழக்கமான வரம்பு: ஆர்ஜினின், லைசின் போன்றவற்றின் நைட்ரஜனும் ஆஸ்பார்டேட், குளுட்டமேட்டின் ஆக்சிஜனும் 4 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்க வேண்டும் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). 1983-ல் பார்லோ, தார்ன்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வைத்த வரம்பு அது. இன்றுவரை பலரும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும் கட்டுரையின் மெத்தட்ஸ் (செய்முறை) பகுதியில் எழுதி வைத்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்கினோம்.

கணக்கு வந்தது. இரண்டு ஹெலிக்ஸ்களை, அதாவது சங்கிலியின் சுருள்களை, சேர்த்துப் பிடிக்கிற ஓர் ஆர்ஜினின்-குளுட்டமேட் ஜோடி. பார்த்தவுடனே இதுதான் காரணம் என்று தோன்றும் இடத்தில் இருந்தது. சூடு தாங்கும் என்சைமில் தூரம் 4.2. மற்றதில் அதே ஜோடி ஆறுக்கும் மேலே விலகி நின்றது. நாலு என்று வைத்தால் இரண்டிலும் பிரிட்ஜ் இல்லை, சொல்வதற்குக் கதையும் இல்லை. நாலரை என்று வைத்தால் ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை.

நாலரையில் ஓட்டிப் பார் என்று சொன்னது நான்தான்.

என் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறேன். அது வெறும் சாக்கு இல்லை. அந்தப் படிக அமைப்பின் (என்சைமைப் படிகமாக்கி அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டறிந்ததன்) ரெசல்யூஷன், அதாவது தெளிவு, 2.7 ஆங்ஸ்ட்ராம். அந்த அளவில் ஆர்ஜினினின் நுனி மேப்பில் கூர்மையாகத் தெரியாது. அணுவின் இடம் எவ்வளவு உறுதியற்றது என்று காட்டும் பி-ஃபேக்டரும் அதிகம். அணு இங்கே இருக்கிறது என்று நாம் எழுதுவதிலேயே 0.2-ஐ விடப் பெரிய பிழை இருக்கலாம். அப்படியிருக்க 4.0 உள்ளே, 4.2 வெளியே என்று தள்ளுவது அளவீட்டுக்கு இல்லாத நுணுக்கத்தை அதன் தலையில் கட்டுவது. புரதத்துக்குள் நாலு ஆங்ஸ்ட்ராமில் யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை. இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையே உள்ள ஈர்ப்பு தூரம் கூடக் கூடக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும், 4.01-ல் சட்டென்று அறுந்துபோகாது. அப்புறம், வரம்பை அந்த ஒரு ஜோடிக்கு மட்டும் தளர்த்தவில்லை. எல்லாக் கணக்கையும் திரும்ப ஓட்டினோம், மெத்தட்ஸில் 4.5 என்று வெளிப்படையாக எழுதினோம். இது ஊரில் இல்லாத வழக்கமும் இல்லை. இரண்டு ரெசிட்யூக்கள் தொட்டு நிற்கின்றனவா (காண்டாக்ட்) என்று பார்க்க, ஒருவர் அவற்றின் சி-பீட்டா என்ற கார்பன் அணுக்களுக்கு இடையே 8 ஆங்ஸ்ட்ராம் வைப்பார், இன்னொருவர் ஹைட்ரஜன் அல்லாத எந்த இரண்டு அணுவும் 4.5-க்குள் வந்தால் போதும் என்பார். ஒரே புரதத்துக்கு இருவரும் வரையும் காண்டாக்ட் மேப் வேறு வேறாகத்தான் இருக்கும். இரண்டும் சரிதான்.

இதையெல்லாம் அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் அடுத்து என்ன கேட்டிருப்பான் என்பதும் எனக்குத் தெரியும். 0.2 ஆங்ஸ்ட்ராமுக்கு அர்த்தமில்லை என்றால், அந்த ஜோடி பிரிட்ஜ் இல்லை என்று சொல்ல முடியாததைப் போலவே, பிரிட்ஜ் என்றும் சொல்ல முடியாதே. "தெரியவில்லை" என்பதுதான் அங்கே நேர்மையான விடை. நான் தெரியவில்லை என்பதை எடுத்து, எனக்குச் சாதகமான பக்கம் வைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் படிகத்தில் என்சைமின் இரண்டு பிரதிகள் இருந்தன, ஏ செயின், பி செயின். 4.2 என்பது ஏ செயினில். பி செயினில் அதே ஜோடி 4.9. எல்லா அமைப்புகளிலும் ஏ செயினை மட்டும் எடுப்பது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம், அதை மீறவில்லை. அவன் தயாரித்த அட்டவணையில் பி செயினுக்கும் ஒரு பத்தி இருந்தது. கட்டுரைக்குப் போன அட்டவணையில் இல்லை. கட்ஆஃபில் முதலில் எடுத்த முடிவைத் தளர்த்தினேன், செயினில் முதலில் எடுத்த முடிவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் சங்கடமாக இருக்கிறது.

அந்தக் கேள்வி என்னை இப்படிக் குடைவதற்குக் காரணம், அப்படிக் கேட்க அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். புதிதாக வருகிற எல்லோருக்கும் நான் கொடுக்கும் முதல் பயிற்சி ஹீமோகுளோபின்: இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா என்று நான்கு சங்கிலிகள் சேர்ந்த ரத்தப் புரதம். புரத அமைப்புகளின் பொதுத் தொகுப்பில் ஆக்சிஜன் இல்லாத நிலைக்கு 2எச்எச்பி என்ற கோப்பு, ஆக்சிஜன் ஏறிய நிலைக்கு 1எச்எச்ஓ. இரண்டுக்கும் காண்டாக்ட் எடுத்து ஒப்பிடு என்பேன். அவசரப்படுகிறவர்கள், ஆக்சிஜன் ஏறியதும் ஆல்ஃபா ஒன்றுக்கும் பீட்டா இரண்டுக்கும் இடையே உள்ள காண்டாக்ட் எல்லாம் போய்விடுகிறது என்று எழுதிக் கொண்டுவருவார்கள். உண்மையில் 1எச்எச்ஓ கோப்பில் பாதி மூலக்கூறுதான் இருக்கிறது, ஓர் ஆல்ஃபா, ஒரு பீட்டா. படிகத்தின் சமச்சீரை வைத்து மறு பாதியை நாம்தான் உருவாக்க வேண்டும். உருவாக்கிய பிறகு பார்த்தால், ஆல்ஃபாவின் 42-வது டைரோசினும் பீட்டாவின் 99-வது ஆஸ்பார்டேட்டும் பிரிந்திருக்கும், ஆல்ஃபா 94-வது ஆஸ்பார்டேட் பீட்டா 102-வது ஆஸ்பரஜினோடு சேர்ந்திருக்கும். பிடி அறுபடவில்லை, இடம் மாறியிருக்கிறது. அவ்வளவு அழகான விஷயம் அது, எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

அவன் அந்தப் பயிற்சியில் ஏமாறவில்லை. காண்டாக்ட் எடுப்பதற்கு முன்பே வந்து, "அக்கா, இதுல ரெண்டு செயின்தானே இருக்கு" என்றான். எனக்கு அன்று முழுக்க சந்தோஷம். ஓர் எண் கையில் வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று முதலில் கேள் என்று அன்று அவனிடம் சொன்னேன். அதையேதான் அவன் பிறகு என்னிடம் கேட்டான்.

நான் சென்னையில் படித்தவள். புரத அமைப்பு ஆய்வின் முன்னோடி ஜி.என். ராமச்சந்திரன் பெயரைக் கேட்காமல் அங்கே புரத அமைப்பு படிக்க முடியாது. ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து, புரதச் சங்கிலி எப்படியெல்லாம் திரும்ப முடியும் என்று அவர் 1963-ல் வெளியிட்ட வேலையின் அடியில் இருப்பதும் இதே கேள்விதான்: இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அவர்கள் இரண்டு வரம்புகள் கொடுத்தார்கள். கார்பனுக்கும் கார்பனுக்கும் வழக்கமான எல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், கடைசி எல்லை 3.0. இரண்டுக்கும் தனித்தனியே வரைந்தும் காட்டினார்கள். நாங்களும் அப்படிச் செய்திருக்கலாமே என்று முதலில் நினைத்தேன். அட்டவணையில் நாலுக்கு ஒரு பத்தி, நாலரைக்கு ஒரு பத்தி.

ஆனால் அந்த வரம்புகள் பிறந்த கதையும் எனக்குத் தெரியும். தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதத்துக்கு ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் வைத்த மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் ராமச்சந்திரன் அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளைப் புரட்டி, அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்குகின்றன என்று தொகுத்தார். அவரும் தன் மாதிரிக்காகத்தானே தேடப்போனார்? இதை நினைத்துச் சில நாள் எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. அவர் போய்ப் பார்த்தது மற்றவர்களின் படிகங்களை. நான் பார்த்தது என்னுடைய ஒரே ஜோடியை.

ஆனாலும் அந்த ஜோடி பொய் என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. அது நிற்கிற இடம் அப்படி. எங்கள் தரவு எடுத்தது 100 கெல்வினில், அதாவது மைனஸ் 173 டிகிரியில் உறைந்த படிகத்தில். என்சைம் வேலை செய்வது 60 டிகிரியில். உறைந்த ஒரு நொடியில் 4.2 என்று நின்ற ஆர்ஜினின் சூட்டில் ஆடும்போது உள்ளே வந்து போகலாம். போன மாதம் இதைத் தீர்த்துவிடலாம் என்று 60 டிகிரியில் அணுக்கள் எப்படி ஆடும் என்று கணினியில் 200 நானோசெகண்டுக்கு ஒரு சிமுலேஷன் ஓட்டினேன். யாரும் கேட்கவில்லை, எனக்காகத்தான். ஜோடி சேர்கிறது, விலகுகிறது, திரும்பச் சேர்கிறது. மொத்தத்தில் எவ்வளவு நேரம் சேர்ந்திருந்தது என்று எண்ண உட்கார்ந்தபோது, ஸ்கிரிப்ட் மறுபடியும் ஒரு வரம்பு கேட்டது.

நாலு வைத்தால் பாதி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாலரை வைத்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி அவனுக்கு அனுப்பினேன். அவன் இப்போது வேறு ஊரில், வேறு ஆய்வகத்தில் இருக்கிறான். மறுநாளே பதில் வந்தது. என் உடம்பைப் பற்றி, வீட்டில் எல்லோரையும் பற்றி அன்போடு விசாரித்திருந்தான். அங்கே குளிர் தொடங்கிவிட்டதாம். எண்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.